சௌமியாவின் பலகைக்குள் நான் வைத்தது

1

விபத்துக் காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய படிவம் எட்டுப் பக்கம் இருந்தது. இந்த நாட்டில் எதற்கும் எட்டுப் பக்கம்தான். குப்பைத் தொட்டி மாற்றிக் கேட்டால்கூடப் பிறந்த ஊர் எது என்று எழுத வேண்டும். நல்லம்பள்ளி என்று எழுதி முடிப்பதற்குள் கட்டம் தீர்ந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ‘விபத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் என் மகள் சௌமியா ஜெர்மன் மொழியில் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தாள். என் தவறு. எனக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை.

தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். பிறகு நான்கு நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன்.

சௌமியாவுக்குப் பதினேழு வயது. பிப்ரவரியில் பனிமலைச் சரிவில் விழுந்து இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்தது, மூன்றாவது பாக்கி. அவள் எழுதியிருந்த இரண்டு வாக்கியமும் பொய். பொய் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான், ஏனென்றால் அவள் ஓட்டிய பலகையைச் செய்தவள் நான்.

ஊரில் இருப்பவர்களுக்கு எழுதும்போது குளிர், பனி, பிள்ளைகள் தமிழ் மறப்பது என்று எழுதுவது வழக்கம். நானும் நாலைந்து முறை அப்படி எழுதி, நன்றாக இருக்கிறது என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. செய்ததைச் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

2

ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். நான் ஸ்னோபோர்டு செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி பனிச்சரிவில் இறங்குவார்களே, அந்தப் பலகை. என் சின்னம்மா ஒருமுறை போனில், பலகைக்கு எதற்கடி ஒரு ஃபாக்டரி, ஆசாரியிடம் சொன்னால் இழைத்துக் கொடுத்துவிட மாட்டாரா என்று கேட்டார். ஆசாரி இழைத்தால் அது அலமாரிக் கதவுதான், சின்னம்மா.

அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு. அதிலேயே இரண்டு வகை. உருக்கி இழுத்த தகடு கீறினால் ஒட்டுப்போட எளிது, வேகம் கம்மி. பொடியை அழுத்திச் சுட்ட தகடு மெழுகை நன்றாகக் குடித்துப் பறக்கும், ஆனால் மெழுகு தேய்க்காமல் விட்டால் வறண்டுபோய்ப் பனியைப் பிடித்து இழுக்கும். தகட்டைச் சுற்றி எஃகு விளிம்பு. திரும்பும்போது பனியை வெட்டிப் பிடிப்பது அதுதான். விளிம்பின் மேல் மெல்லிய ரப்பர் நாடா. அது இல்லையென்றால் இறுகிய பனியில் கால் முழுவதும் கிடுகிடுவென்று அதிரும். அதற்குமேல் பிசினில் நனைத்த கண்ணாடியிழைத் துணி, நடுவில் மரம், மறுபடியும் துணி, கடைசியாக மேலே படம் போட்ட தாள். எல்லாவற்றையும் அச்சில் அடுக்கி அழுத்திச் சூடு கொடுத்தால் பலகை.

அடுக்குகிற வேலை என்னுடையது. பலகையின் குணம் அடுக்கில்தான் இருக்கிறது. நடுமரம் பாப்லர் என்றால் மிதித்தால் வளைந்து திரும்பத் துள்ளும். அதில் பீச் மரக் கீற்று சேர்த்தால் விறைக்கும். மரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே வேறு பலகை ஆகிவிடும். துணியில் இழை இரண்டு திசையில் போனால் பலகை முறுக்கிக்கொடுக்கும். மூன்று திசையில் போனால் முறுக்காது. முன்காலையும் பின்காலையும் எதிரெதிராக அழுத்தி, பலகையை லேசாக முறுக்கித்தான் ஒருவர் திருப்பத்தைத் தொடங்குகிறார் என்பதால், எடை குறைந்தவர்களுக்கு முத்திசைத் துணி பெரும் பாரம். அதன்மேல் கார்பன் இழைப் பட்டை ஒட்டினால் இரும்புதான்.

பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து சற்று எழும்பி வில்லாக இருக்கும். ஆள் ஏறி நின்றால் அது அமுங்கி, விளிம்பு முழுவதும் பனியில் அழுந்தும். அமுக்கப் போதுமான எடை இல்லாதவர் நின்றால் அது அமுங்காது. அப்போது அதை வளைக்க ஒரே வழிதான் இருக்கிறது, வேகம். விறைப்பான பலகை வேகமாகப் போனால்தான் சொன்னபடி கேட்கும்.

இதை நான் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வாயால் பாடம் நடத்துகிறவள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

3

என் அப்பாவுக்கு நல்லம்பள்ளி தாண்டி, தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் லாரி ஸ்பிரிங் பட்டறை. இப்போதும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. லாரிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதுதான் ஸ்பிரிங். ஒவ்வொரு பட்டையையும் பிளேட்டு என்போம். பிளேட்டு உடைந்தால் மாற்றுவது, வளைவு செத்துப்போனால் சூடு காட்டி அடித்து மறுபடி வளைப்பது. டிப்ளமோ படித்த காலத்தில் விடுமுறை முழுவதும் நான் அங்கேதான் கிடந்தேன்.

அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய டிரைவர் வண்டி என்றால், கேட்காமலே ஒரு பிளேட்டு சேர்த்துக் கட்டிவிடுவார். சொல்லவும் மாட்டார், கூலியில் சேர்க்கவும் மாட்டார். பிரியத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், ஒருமுறை சாப்பாடு வாங்கித் தந்தவர்கள் எல்லாருடைய வண்டியும் ஒரு பிளேட்டு அதிகமாகத்தான் கணவாயில் இறங்கும்.

லோடு இருக்கிறவரை அதனால் ஒன்றும் இல்லை. காலி வண்டியாக இறங்கும்போதுதான் வம்பு. மாது என்று ஒரு டிரைவர் ஒருநாள் வந்து, பிரேக் பிடித்தால் பின்னால் தூக்கித் தூக்கிப் போடுகிறது, சக்கரம் ரோட்டைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று முறையிட்டார். அப்பா பிளேட்டை எண்ணவும் இல்லை, எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை.

“குதிச்சா குதிக்கட்டும் மாது. ஒடையாதில்ல?”

மாது சிரித்துக்கொண்டு போய்விட்டார். நானும் சிரித்தேன். ஸ்பிரிங் என்பது வண்டிக்காக இருக்கிறதா, ஸ்பிரிங்குக்காக வண்டி இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

4

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு பலகை தங்கள் வீட்டுக்கென்று செய்துகொள்ளலாம். ஓய்வு நேரத்தில், தாங்களே அடுக்கி, தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். சௌமியா இந்த வருடம் பயிற்றுநர் தேர்வு எழுதுவதாக இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நிகராக ஒரு வேலை, அவளே தேடிக்கொண்டது. எனக்குப் பாப்லர், இருதிசைத் துணி, கார்பன் வேண்டாம், விறைப்பு நாலு போதும் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தாள். விறைப்பை ஒன்றிலிருந்து பத்துவரை அளப்போம். ஐம்பது கிலோகூட இல்லாத பிள்ளைக்கு நாலு சரியான அளவு. அவள் தெரிந்துதான் கேட்டாள்.

அடுக்கு மேசையில் துணியை விரிக்கும்போது எனக்குப் பயம் வந்தது. அத்தனை பெரிய மலை, இத்தனை மெல்லிய பலகை, இது நடுவில் முறிந்தால் என்ன ஆகும் என்று. அப்படி முறிகிற பலகையை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று யோசித்திருந்தால் அடங்கியிருப்பேன். யோசிக்கவில்லை. மேலே முத்திசைத் துணி போட்டேன். கால் வைக்கும் இடத்தில் மூன்று கார்பன் பட்டை வைத்தேன். ஒரு மில்லிமீட்டர் தடித்த மரத்தை எடுத்தேன். அதன்மேல் அவள் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பலகையில் மறைக்கலாம், தாளை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

சோதனை இயந்திரம் எட்டு என்று காட்டியது. ஸ்டிக்கரில் நாலு என்று எழுதி ஒட்டினேன். மற்றதையெல்லாம் பயத்தின் மேல் போட்டுவிடலாம். இந்த நாலை எழுதும்போது என் கை நடுங்கவே இல்லை.

இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வந்து, அம்மா, இந்தப் பலகை திரும்ப மாட்டேங்குது என்றாள். புதுசு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். பலகையைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நாலு விறைப்புப் பலகையையே திருப்ப முடியவில்லையென்றால் குறை காலில்தான் என்று முடிவு கட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, தொடைக்கு வலுவேற்றினாள். அந்த மூச்சுச் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன்.

பிறகு வேகமாகப் போனால் பலகை திரும்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. அந்த வேகத்தில் போனபோதுதான், தேர்வுக்கு முந்தைய ஒத்திகையில், ஒரு மேட்டில் பலகை வளைந்துகொடுக்காமல் துள்ளி, விளிம்பு பனியில் குத்தி, வேலிக் கம்பத்தில் போய் மோதினாள். அவள் கீழே விழாமல் இருக்க வேண்டும் என்று செய்த காரியம் அது. வேலியே பயிரை மேய்ந்தது என்று யாரையோ சொல்லியிருக்கிறேன், அது என்னைத்தான் என்று தெரியாமல்.

5

எனக்கு ஜெர்மன் வேலை மேசைவரைதான் வரும். ஆபீஸ், வங்கி, டாக்டர் எல்லாவற்றுக்கும் ஒன்பது வயதிலிருந்து சௌமியாதான் மொழிபெயர்ப்பாள். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது மேசைக்கு மேலே தலை தெரியாது, குரல் மட்டும் வரும். அந்த அதிகாரியே ஒருமுறை அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தவளிடம் டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்து, கொஞ்ச நாள் ஆகுமாம் அம்மா, சரியாகிவிடுமாம் என்றாள். டாக்டர் பேசியது அதைவிட ரொம்ப நேரம். ஒரு வாரம் கழித்து, அவர்கள் தந்த கடிதத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மூட்டு முழுதாக மடங்காது. சரிவில் ஓட்டும் தொழில் எதற்கும் இனித் தகுதியில்லை. தன் வாழ்க்கை முடிந்ததாகச் சொன்ன சேதியை என் பிள்ளை எனக்காகச் சின்னதாக்கி மொழிபெயர்த்திருக்கிறாள். நான் அந்தக் கடிதத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் நானும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு சாப்பிட்டோம், தூங்கினோம்.

சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. வேலை போகும். வேலை போனால் ஜூனில் அனுமதி புதுப்பிப்பது சிக்கலாகும். எல்லாம் உண்மைதான், ஆனாலும் எல்லாம் சாக்கு. அவள் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

படிவம் கைப்பையில் இருந்த மூன்றாம் நாள் அப்பா கூப்பிட்டார். பேத்தி கால் எப்படி என்று கேட்டார். சொன்னேன். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

“ஏன் கண்ணு, அந்தப் பலகை ஒடஞ்சு போச்சா?”

“இல்லப்பா. ஒரு கீறல்கூட இல்ல.”

“அதான பாத்தேன். நீ கட்டுனது எப்படி ஒடையும்” என்றார். குரலில் பெருமை இருந்தது.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டு நிலவறைக்குப் போய், மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு கீறல் இல்லை. ஆரஞ்சு நிறம் பளபளவென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

6

மறுநாள் மத்தியானம் சௌமியாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழங்காலை மடக்கி நீட்டும் இயந்திரத்தில் கால் இருந்தது. முத்திசைத் துணி, கார்பன், தடித்த மரம், ஸ்டிக்கர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழுதுவிட்டேன்.

அவள் நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“என்னத் தேத்தறதுக்காகச் சொல்ற” என்றாள். “நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ இருந்து நீ இப்படித்தான். ஸ்கூல்ல தோத்தா வாத்தியார் சரியில்லைம்ப. விழுந்தா தரை சரியில்லைம்ப. ஸ்டிக்கர்ல நாலுன்னு போட்டிருக்கும்மா. நான் படிச்சேன்.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் எப்போது இடறினாலும் பழியை வேறொன்றின்மேல் போட்டுத்தான் நான் அவளை வளர்த்திருக்கிறேன். கடைசியில் நிஜமாகவே பழி என்னுடையதாக இருக்கும்போது என் வார்த்தைக்கு மதிப்பில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் போடலையா என்று கோபப்பட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவளை நம்பவைக்க ஒரே வழிதான் மிச்சம். எங்கள் தொழிற்சாலையில் சந்தேகப்பட்ட பலகையை அறுத்துத்தான் பார்ப்போம். வெட்டுமுகத்தில் அடுக்கு அடுக்காக எல்லாம் தெரிந்துவிடும், அங்கே யாரும் எதையும் மறைக்க முடியாது. ஆனால் ரம்பத்துக்கு முன்னால் நிற்பவர் எங்கள் மேற்பார்வையாளர். திங்கட்கிழமை காலை பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். சீசன் முடிந்துவிட்டதே என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மேற்பார்வையாளரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். என் மகளின் பலகை. நான் செய்தேன். நான் எண்ணை மாற்றி எழுதினேன். தயவுசெய்து அறுங்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரம்பத்தை ஓடவிட்டார். கால் வைக்கும் இடத்துக்கு நேராக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தார். வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, கார்பன் பட்டைகளின் கறுப்புக் கோடுகளை எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் என் கை வேலையை அவர் மறு சோதனை செய்ததே கிடையாது. அலுவலகத்தில் பேசித்தான் சொல்ல முடியும், அதுவரை வர வேண்டாம் என்றார். துண்டை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதை சௌமியாவின் கையில் வைத்தேன். பயிற்றுநர் தேர்வுக்குப் படித்தவள், அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. நகத்தை வைத்து ஒவ்வொரு கறுப்புக் கோடாகத் தடவினாள். மூன்று. மரத்தின் தடிப்பை விரலால் பிடித்துப் பார்த்தாள். மேல் துணியின் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இயந்திரம் அவள் காலை மடக்கியது, நீட்டியது, மறுபடி மடக்கியது. கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

திட்டுவாள் என்று நின்றேன். அந்தத் துண்டை என் முகத்தில் எறிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்ப நான் சரியாத்தான் ஓட்டுனேனா?”

“சரியாத்தான் ஓட்டுன சாமி. அந்தப் பலகைய யாராலயும் அதவிட நல்லா ஓட்ட முடியாது.”

தலையை ஆட்டினாள். தையல் ஓடிய முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நர்ஸ் கட்டுப் பிரிக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“ரெண்டு மாசமா நான் இந்தக் காலத் திட்டிக்கிட்டே இருந்தேம்மா” என்றாள்.